லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுங்க... போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்!

லீவு விட்டால் மதுரைக்காரர்களுக்குப் போக்கிடம் பெரும்பாலும் மூன்றுதான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் கொடைக்கானல். இல்லையென்றால் தேனி, குமுளி வழியாகத் தேக்கடி. கடல் பார்க்க ஆசை வந்தால் ராமேஸ்வரம் பக்கம். மூன்று இடத்திலும் தவறாமல் நடக்கும் ஒரு சமாச்சாரம், படகுச் சவாரி. எங்கும் கிளம்ப முடியாதவர்களுக்கு, தண்ணீர் நிறைந்திருந்தால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே போதும்.

சவாரிக்கு முன்னால் ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குவியலாகக் கிடக்கும் ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டுகள். முன்னால் போட்டவரின் வேர்வையும் ஈரமும் காயாத வாசம். 'மாட்டிக்கங்க சார், செக்கிங் வருவாங்க' என்று படகுக்காரர் நீட்டுவார். நாம் ஒரு கையை மட்டும் நுழைத்து, பக்கிளை மாட்டாமல், போட்டோவுக்கு மூஞ்சியைத் திருப்புவோம். ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுகிற அதே பழக்கம்தான், தண்ணீரிலும்.

'ஏரிதானே, என்ன ஆகிடப்போகுது?' என்று கேட்பவர்களுக்காகச் சில தேதிகள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. கரையோரம் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதாகச் சொல்லப்பட்டது. 45 பேர் இறந்தார்கள். முல்லைப்பெரியாறு அணை தேக்கி வைக்கும் ஏரி அது. மதுரை மாவட்ட வயல்களுக்கு வரும் அதே தண்ணீர்.

2011-ல் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர். 2014 ஜனவரி 26-ல் அந்தமானில் 'அக்வா மரைன்' படகு மூழ்கியதில் 21 பேர். அதில் பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். 2023 மே 7-ல் கேரளாவின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். இவற்றில் அந்தமானைத் தவிர மற்றவை கடலில் போன படகுகள் அல்ல. ஏரி, காயல், ஆற்று முகத்துவாரம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

மிதக்க எவ்வளவு வேண்டும்?

70 கிலோ ஆள் தண்ணீருக்குள் 70 கிலோ எடையோடு மூழ்குவதில்லை. உடம்பில் இருக்கும் கொழுப்பும் நுரையீரல் காற்றும் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். தலை வெளியே நிற்க, பெரியவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 3 முதல் 5 கிலோ தூக்குவிசைதான். அதைத்தான் ஜாக்கெட் தருகிறது. கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கையும், லாரி ட்யூபும் செய்ததும் இதே வேலைதான்.

நல்ல ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். அதில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஓர் எண்ணும் நியூட்டன் என்பதைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்குவிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ 12402 என்ற சர்வதேசத் தரத்தின்படி, 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரைக்குப் பக்கத்தில், உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும். சரியாகச் சொன்னால் அது லைஃப் ஜாக்கெட்டே இல்லை, மிதக்க ஒரு துணை. 100 என்பது ஏரி மாதிரி அமைதியான நீர்நிலைகளுக்கு. 150-ம் 275-ம் கடலுக்கு.

50-க்கும் 100-க்கும் என்ன வித்தியாசம்? எண்ணில் இருப்பதை விட முக்கியமானது கழுத்தில் இருக்கிறது. 100-ம் அதற்கு மேலும் உள்ளவற்றில் கழுத்தைச் சுற்றி ஃபோம் காலர் இருக்கும், முன் நெஞ்சில் மிதவை அதிகம் இருக்கும். மயக்கமடைந்து குப்புற விழுந்தவரை மல்லாக்கத் திருப்பி, வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கத்தான் அந்த வடிவமைப்பு. 50-ல் அந்த உத்தரவாதம் கிடையாது. படகு கவிழும்போது தலையில் அடிபட்டால் நீச்சல் வீரரும் சாதாரண ஆள்தான். வீட்டில் நீச்சல் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் 100-க்குக் குறைந்து வாங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. கயாக்கில் துடுப்பு போடுகிறவர்களுக்குக் காலர் இடைஞ்சல். அவர்கள் 50 போடுவது நியாயம்.

இந்தியாவில் கப்பல், படகுகளுக்கு வாங்குகிறவர்கள் 'இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்' அங்கீகாரம் பார்த்து வாங்குவார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கும் ஜாக்கெட் கிடைக்கும், சில ஆயிரத்துக்கும் கிடைக்கும். போட்டோவில் இரண்டும் ஒரே ஆரஞ்சு. லேபிளில் தரக் குறியீடும், எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்ற விவரமும் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். கலரும் கவனிக்க வேண்டியது. கண்மாய் தண்ணீரிலும் கொடைக்கானல் பனிமூட்டத்திலும் நீலம், கறுப்பு, பச்சை கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு, பளிச் மஞ்சள், சிவப்பு... இவற்றைத் தாண்டி ஸ்டைல் பார்க்க வேண்டாம்.

இடையில் ஒரு பழைய கதை. இன்றைய ஃபோம் வருவதற்கு முன் லைஃப் ஜாக்கெட்டுகளுக்குள் அடைத்தது நம் போடிநாயக்கனூர் சந்தையில் விற்கிற இலவம்பஞ்சைத்தான். அதன் இழைகள் உள்ளே காற்றுள்ள குழாய்கள். மேலே மெழுகுப் பூச்சு மாதிரி இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. ஆனால் நாள்பட அழுந்தினாலும், எண்ணெய் பட்டாலும், உறை கிழிந்தாலும் மிதக்கும் சக்தி போய்விடும். அதனால்தான் மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோமுக்கு மாறினார்கள். தெர்மோகோலும் மிதக்கும்தான். 2017 ஏப்ரலில் வைகை அணையில் விட்ட தெர்மோகோல் அட்டைகள் காற்றுக்குக் கரை ஒதுங்கியதைப் பார்த்த ஊர் இது. நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் அது உடையும், மணி மணியாக உதிரும். கண்மாயில் தெர்மோகோல் தெப்பத்தில் மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் அதன் மேல் ஏறிக்கொண்டு நடுக் கண்மாய்க்குப் போவதைத் தயவுசெய்து ரசிக்காதீர்கள்.

ஒரே சைஸ் என்பது பொய்

போன வருடம் ஒரு படகுத்துறையில் என் அக்கா மகளுக்கு ஜாக்கெட் கொடுத்தார்கள். வயது ஏழு. பக்கிள் எல்லாம் மாட்டியாயிற்று. தோள்பட்டை வார் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் அவள் காதைத் தாண்டி வந்துவிட்டது. உள்ளே பிள்ளையைக் காணோம். சின்ன சைஸ் கேட்டால், 'எல்லாம் ஒரே சைஸ்தாங்க, டைட் பண்ணிக்கங்க' என்று பதில். அன்றைக்கு நாங்கள் படகில் ஏறவில்லை. அழுத அழுகைக்கு ரெண்டு சோளக்கதிர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அக்காவுக்கு இன்றும் என் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் அந்தத் தோள் வார் சோதனையை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். பத்து விநாடி போதும். எல்லா பக்கிளும் மாட்டி, வார்களை இறுக்கிய பிறகு, கைகளை மேலே தூக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். தாடையைத் தொட்டால் தளர்வு. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார்.

குழந்தைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். கப்பல்களுக்கான சர்வதேச விதியில் 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை சைஸ், 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் சைஸ், அதற்கு மேல் பெரியவர் சைஸ். குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். குப்புறக் கவிழும் வாய்ப்பு அதிகம். ஆகவே காலர் இருக்க வேண்டும், கழுத்துக்குப் பின்னால் தூக்க ஒரு கைப்பிடி இருக்க வேண்டும், இரண்டு காலுக்கும் நடுவே வரும் வார் கண்டிப்பாக இருக்க வேண்டும். 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கலாம்' என்பது தீபாவளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. கையில் மாட்டும் காற்று மிதவை, வாத்து ட்யூப் எல்லாம் விளையாட்டுச் சாமான்.

அதன் பிறகு நாங்களே ஒன்று வாங்கினோம். சோழவந்தான் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்து பம்புசெட் தொட்டியில், மாமா இடுப்பளவு தண்ணீரில் பக்கத்திலேயே நிற்க, இறக்கிப் பார்த்தோம். முதலில் அலறல். ரெண்டு நிமிடத்தில் மல்லாக்க மிதந்துகொண்டு, 'இன்னும் கொஞ்ச நேரம்' என்றாள். நடுவார் போடாமல் ஒருமுறை இறக்கினபோது ஜாக்கெட் மூக்கு வரை ஏறியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு அக்கா என்னோடு பேச ஆரம்பித்தார். புது ஜாக்கெட் வாங்கினால் இப்படி ஆழமில்லாத இடத்தில் பழக்கிவிடுங்கள். நிஜமாகவே விழும்போது பிள்ளைக்கு அது முதல் அனுபவமாக இருக்கக் கூடாது.

புடவைக்காரர்களுக்கு: முந்தானையை முன்னால் சுற்றி இடுப்பில் செருகிவிட்டு, ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். துப்பட்டாவைக் கழற்றி பையில் வைத்துவிடுவது நல்லது. கொடைக்கானலில் குளிருக்கு ஸ்வெட்டர், ஜெர்கின் போட்டு, அதற்குள் லைஃப் ஜாக்கெட்டை மறைப்பவர்கள் உண்டு. தப்பு. முதுகுப்பையை ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டுவதும் தப்பு.

ஜாக்கெட் மட்டும் காப்பாற்றாது

இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். மூடிய அறை, கீழ்த்தளம் உள்ள படகு கவிழ்ந்து உள்ளே தண்ணீர் ஏறினால், ஃபோம் ஜாக்கெட் உங்களை மேலே தள்ளும். மேலே என்பது அப்போது படகின் தரை. வாசல் கீழே போயிருக்கும். தானூரில் கவிழ்ந்ததும் இரண்டு அடுக்குப் படகு. உள்ளே சிக்கிக்கொண்டவர்கள்தான் பலர். அதற்காக ஜாக்கெட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. திறந்த பக்கம், வெளியே போகும் வழிக்குக் கிட்டத்தில் உட்காருங்கள். கண்ணாடி ஜன்னலை மூடி வைக்காதீர்கள்.

ஏறுவதற்கு முன் தலைகளை எண்ணுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்க வேண்டும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், 2021 இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, ஆய்வு, உயிர்காப்புச் சாதனங்கள் எல்லாவற்றையும் பேசுகிறது. 'எத்தனை பேர் ஏத்தலாம்ணே?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். 'ஒரு ஆள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க' என்று பதில் வந்தால் அடுத்த படகு. யானையோ காட்டுமாடோ தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

படகில் வட்ட மிதவை தொங்குகிறதா என்றும் ஒரு பார்வை. கப்பல் தரத்து மிதவை நன்னீரில் 14.5 கிலோ இரும்பை 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. நம் படகுத்துறைகளில் அந்த மிதவை இருக்கும், ஆனால் பெயின்ட் அடித்து ஆணியில் அறைந்தோ கம்பியால் முறுக்கிக் கட்டியோ வைத்திருப்பார்கள். அவசரத்துக்குக் கழற்ற முடியாத மிதவை வெறும் அலங்காரம்.

பையில் ஒரு கயிறு, ஒரு விசில்

சொந்தமாகக் கயாக், காற்றடித்த படகு வைத்திருப்பவர்கள் மதுரையிலும் இப்போது இருக்கிறார்கள். காரங்காடு அலையாத்திக் காட்டில் கயாக் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் சிலரை எனக்கே தெரியும். இவர்களும், அடிக்கடி நீர்நிலைப் பக்கம் போகிறவர்களும் வைத்திருக்க வேண்டியது எறியும் கயிறு. 15 மீட்டர் நீளம், ஒரு முனையில் மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேன். காற்றுக்குப் பறக்காமல் போய் விழ, கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

கயிறு வாங்கும்போது ஒரு விஷயம். நைலான் தண்ணீரில் மூழ்கும். பாலிபுரொப்பிலீன் மிதக்கும். கடையில் இரண்டையும் 'நைலான் கயிறு' என்றே கொடுப்பார்கள். விரல் நீளத் துண்டு வெட்டி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, அமுக்கி விட்டுப் பாருங்கள். மேலே வந்தால் வாங்கலாம்.

முழுகுகிறவரை நோக்கிக் குதிப்பது கடைசி வழி. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்திகளை நம் பக்கத்துக் கண்மாய்களில் வருடா வருடம் படிக்கிறோம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களை நோக்கி, மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசினார்கள். நான்கு பேரில் இரண்டு பேர் பிழைத்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கைக்குக் கிடைத்த துணிதான் அங்கே உயிர்க்கயிறு.

விசில் இல்லாத ஜாக்கெட் என்றால் பத்து ரூபாய் பிளாஸ்டிக் விசிலை நீங்களே கட்டிவிடுங்கள். தண்ணீர் குடித்தவனுக்குக் கத்த வராது. சினிமாவில் மாதிரி கையாட்டிக் கூப்பிடவும் மாட்டான். முழுகுவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். செல்போன் நீர்புகாத உறையில், கழுத்தில் தொங்கட்டும். 108, 112 எல்லோருக்கும் தெரியும். கடலோரம் என்றால் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

வெயில்தான் முதல் எதிரி

வாங்கி வைத்ததைக் கெடுப்பதில் மதுரை வெயிலுக்கு நிகர் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் கார் டிக்கியில் ஒரு வாரம் கிடந்த ஜாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஃபோம் சுருங்கத் தொடங்கியிருக்கும். மொட்டை மாடிக் கொடியில் வடகம் மாதிரி காயப் போடுவதும் வேண்டாம். புற ஊதாக் கதிர் முதலில் துணியை வெளுக்கும், பிறகு நூலை மக்க வைக்கும். ஆரஞ்சு வெளுத்துவிட்டால் தையலை நகத்தால் இழுத்துப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் வேலை முடிந்தது.

கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அழுக்குக்குக் கொஞ்சம் மென்மையான சோப்பு போதும். பிளீச்சிங், வாஷிங் மெஷின், டிரை கிளீனிங் கூடாது. நிழலில், காற்றோட்டமாக, ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம். பரணில் போட்டால் எலி. அதை மெத்தையாகப் போட்டு உட்காராதீர்கள். ஃபோமின் நுண்ணறைகள் நசுங்கினால் திரும்ப உப்பாது. பார்வைக்கு ஜாக்கெட், தண்ணீரில் கோணிப்பை.

வருடம் ஒருமுறை சோதனை, கோடை லீவுக்கு முன். எல்லா பக்கிளையும் மாட்டி, பலமாக இழுங்கள். ஃபோமை அமுக்குங்கள், உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, உள்ளே மொறுமொறுவென்று சத்தம் கேட்டாலோ, தண்ணீரில் நனைத்து எடுத்தபின் மறுநாளும் கனமாக இருந்தாலோ மாற்றும் நேரம். தூக்கிப் போடும்போது கத்தரியால் வெட்டிப் போடுங்கள். குப்பையிலிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்கு மாட்டிவிடப் போகிறார்கள்.

காற்றடைக்கும் வகை வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. அதன் உயிர் உள்ளே இருக்கும் சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில். சிலிண்டர் மேல் அச்சிட்ட எடையோடு ஒத்துப்போகிறதா என்று சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். துருப்பிடித்திருக்கக் கூடாது. வாயால் ஊதி ஒரு ராத்திரி வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர் பட்டதும் தானாக விரியும் வகையில் அந்த விசைப்பகுதிக்குக் காலாவதித் தேதி இருக்கும், மருந்துப் பட்டை மாதிரி. அதை மறந்துவிடுவோம் என்றால் பேசாமல் ஃபோம் ஜாக்கெட்டே வாங்குங்கள். வீட்டில் பராமரிக்க ஆள் இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கொடைக்கானல் ஏரியை 1863-ல் உருவாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச். அன்றிலிருந்து மதுரைக் குடும்பங்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இந்த முறை போகும்போது பிள்ளைக்குப் பொருந்தும் ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பையில் பாதி இடத்தை அடைக்கும்தான். ஒரு ஜோடி டிரஸ் குறையட்டும்.

கடைசியாக, யாரையாவது தண்ணீரிலிருந்து தூக்கி வந்தால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதோ, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதோ வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், நேரமும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டு வரும்.